மதுரை செல்லூரில் ரெண்டு அறை வீடு, பையனுக்கு ஃப்ளூ, வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி: எப்படிச் சமாளிப்பது?

செல்லூர்க்காரி | செவ்வாய், இரவு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமாகக் கேட்கிறேன். என் பையனுக்கு 9 வயது. நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே கண் சிவந்திருந்தது. ராத்திரி காய்ச்சல் 103. உடம்பெல்லாம் வலி, வறட்டு இருமல். அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லையாம். காலையில் டாக்டரிடம் காட்டினோம். டெங்குவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை என்று வந்துவிட்டது. ஃப்ளூதான், பாராசிட்டமால் கொடுங்கள், தண்ணீர் ஆகாரம் நிறையக் கொடுங்கள், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த "வீட்டிலேயே" தான் எனக்குப் பிரச்சினை. முன்னறை, உள்ளறை, அடுப்படி, எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். என் ஓரகத்திக்கு ஏழாம் மாதம். அத்தைக்கு 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறோம், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. அத்தையோ பேரனை மடியை விட்டு இறக்கமாட்டேன் என்கிறார். "அப்பத்தா கைப்பட்டாத்தான் காய்ச்சல் இறங்கும்" என்று அவனும் அவர் மேலேயே சாய்ந்து கிடக்கிறான். தனி அறை வையுங்கள் என்று சொல்லும் குறிப்புகளை எங்கள் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

வார்டு அக்கா (ஆனையூர்) | செவ்வாய், இரவு

தங்கச்சி, நான் செவிலியர். ஒரு மழைக்காலம் விடாமல் காய்ச்சல் வார்டு பார்த்தவள். முதலில் வளைகாப்பைத் தள்ளிப் போடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஃப்ளூ காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பிக்கும். அப்புறம் 5 முதல் 7 நாள் வரை தொற்றும், பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் நீளலாம். கிருமி உடம்புக்குள் போன 1 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல் காட்டும். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் யார் யார் கிருமியோடு நடமாடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. வளையல் போட வருகிற ஒவ்வொரு பெண்ணும் உங்கள் ஓரகத்தி முகத்துக்கு நேரே குனிந்து சந்தனம் பூசி, கன்னத்தைத் தொட்டுத்தான் போவார். கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரலில் இறங்குகிற வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்திலும் போடலாம்.

அடுத்து, பையனைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். அது நீங்கள். அத்தையும் வேண்டாம், ஓரகத்தியும் வேண்டாம். சோறு ஊட்டுவது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அந்த ஒரு ஆள்தான். மாற்றி மாற்றிப் பார்த்தால் எல்லாரும் படுப்பீர்கள்.

எந்த அறை என்று கேட்டால், சன்னல் எதில் பெரிதோ அதில். சன்னலைத் திறந்து வையுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் சன்னலுக்குப் பக்கத்தில், வெளியே பார்த்தபடி வைத்து ஓடவிடுங்கள். அறைக் காற்றை அது வெளியே தள்ளும். பையன் முதுகுக்குப் பின்னால் ஃபேனை வைத்து மற்றவர்கள் பக்கம் காற்று வருகிற மாதிரி மட்டும் வைக்காதீர்கள். ஆறு மணியானால் கொசுவுக்காக எல்லா வீட்டிலும் சன்னலைச் சாத்திவிடுகிறோம். இந்த வாரம் சாத்த வேண்டாம். கொசுவலை அடியுங்கள், இல்லையென்றால் பழைய நைலான் துணியை ஆணியில் மாட்டினாலும் போதும். டெங்குவும் நம்ம ஊரில் இருக்கிறது, அதனால் வலை எப்படியும் தேவை.

அறையில் வேறு ஆள் படுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் தலைமாடு கால்மாடாகப் படுங்கள். அவன் தலை இருக்கிற பக்கம் உங்கள் கால். ஆறடி இடைவெளி கிடைக்காத வீட்டில் இதுவே பெரிய வித்தியாசம்.

ஓரகத்தி அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போகலாம். ஆனால் அங்கே முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையே அவர் பையனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஏற்கனவே தொற்றியிருக்கலாம். அதனால் இன்றைக்கே அவருடைய மகப்பேறு டாக்டருக்குப் போன் போட்டு, வீட்டில் ஃப்ளூ என்று சொல்லிவிடுங்கள். சிலருக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். காய்ச்சலோ இருமலோ தலைகாட்டினால் காத்திருக்கவே கூடாது. ஓசெல்டாமிவிர் என்ற மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

கூடல்நகர் அப்பா | செவ்வாய், இரவு

வார்டு அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது அப்பத்தாவைக் கிட்டே விடாதே என்றால் அவன் மனசு என்ன ஆகும்? எங்கள் வீட்டில் போன வருடம் மகள் படுத்தபோது என் அம்மாவை நிலைப்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் அங்கிருந்தே கதை சொன்னார், இவள் உள்ளேயிருந்து ம் போட்டாள். பெரியவர்களிடம் "உங்களுக்கு வந்துரும்" என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். "எனக்கென்ன, நான் பார்க்காத காய்ச்சலா" என்பார்கள். "உங்களுக்கு வந்தா உள்ளே இருக்குற மருமகளுக்குப் போகும்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

இன்னொன்று. மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளை எப்படித் தூங்கும்?

வார்டு அக்கா (ஆனையூர்) | செவ்வாய், இரவு

தூங்கும்போது வேண்டாம் அண்ணே. வேறு ஆள் அறைக்குள் வரும்போதும், அவன் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதும் போட்டால் போதும். மூச்சுத் திணறல் இருந்தால் போடவே கூடாது. 2 வயதுக்குக் கீழே எந்தக் குழந்தைக்கும் கூடாது. பார்த்துக்கொள்கிற ஆள் மட்டும் கிட்டே போகும்போதெல்லாம் போடணும். என்95 இருந்தால் நல்லது, இல்லையென்றால் மூன்று அடுக்கு மாஸ்க். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் போட்டும் பயனில்லை. நாற்காலி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உசிலம்பட்டியான் | புதன், காலை

எல்லாரும் இங்கிலீஷ் மருந்தையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு, கம்பளி போர்த்தி, நொச்சியிலை போட்டு வேது பிடிப்போம். நிலவேம்புக் குடிநீர் ரெண்டு வேளை. அதற்கும் கேட்கவில்லை என்றால் ரெண்டு ஊசி போட்டால் மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மாத்திரையில் நாள் கடத்துவது ஏன்? பிள்ளை அவஸ்தைப்படுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

மருந்துக்கடை (வில்லாபுரம்) | புதன், காலை

ஊசி விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். கடையில் நிற்கும்போது தினம் கேட்கிற கேள்வி இது. அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது காய்ச்சலைக் குறைக்கிற மருந்து, இல்லையென்றால் ஆன்டிபயாடிக். முதலாவது சிரப்பிலேயே இருக்கிறது. ரெண்டாவது பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூ வைரஸ், அதை ஆன்டிபயாடிக் தொடாது. மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் அது மருந்து இறக்கிய காய்ச்சல். ஃப்ளூ காய்ச்சல் சாதாரணமாக 3, 4 நாள் அடித்துவிட்டுத்தான் போகும். இருமலும் அசதியும் ரெண்டு வாரம் கூட இருக்கும். பின்னால் சளி நெஞ்சில் கட்டி பாக்டீரியா சேர்ந்தால் அப்போது டாக்டரே ஆன்டிபயாடிக் எழுதுவார். போன தடவை மிச்சம் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வராதீர்கள்.

செல்லூர்க்கார அம்மா, வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் சிரப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். இது முக்கியம். 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று வரும், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இன்னொன்று வரும். அட்டைப் பெட்டி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அளவு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 26 கிலோப் பையன் என்றால் 260 முதல் 390 மில்லிகிராம். 250 பாட்டிலில் அது ஏறக்குறைய 5 முதல் 7.5 மில்லி. அதே 7.5 மில்லியை 120 பாட்டிலில் கொடுத்தால் பாதி மருந்துதான் போயிருக்கும், காய்ச்சல் இறங்கவில்லை என்று நீங்கள் பயப்படுவீர்கள். டாக்டர் சீட்டில் 120 என்று எழுதி, கையில் 250 பாட்டில் இருந்தால் ஆபத்து எதிர்ப்பக்கம், ரெட்டை அளவு போய்விடும். அடுப்படிக் கரண்டியில் ஊற்றவே வேண்டாம், மூடியில் கோடு போட்டிருக்கும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரம் விட்டால் கணக்கு தப்பாது. ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கணவர் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை என்று ஆகிவிடும்.

சளிக்கு என்று விற்கிற கூட்டு சிரப்புகளில் பலதில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதையும் கொடுத்து இதையும் கொடுத்தால் ரெட்டை அளவு போய்விடும், ஈரலுக்குக் கெடுதல். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுத்தால் ரெய் சின்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஒன்று வரலாம். ஐபுப்ரோஃபென், மெஃபனமிக், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்துகள் எல்லாம் டெங்கு நடமாடுகிற இந்த மாதங்களில் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக் கசிவைக் கூட்டும்.

வார்டு அக்கா (ஆனையூர்) | புதன், மதியம்

உசிலம்பட்டி அண்ணே, நீங்கள் அக்கறையில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஃபேனை நிறுத்திக் கம்பளி போர்த்தினால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. குளிர்கிறது என்று நடுங்கும்போது ஒரு போர்வை, நடுக்கம் நின்றதும் எடுத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை, அவ்வளவுதான். ஐஸ் தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம்.

வேது பிடிப்பது மூக்கடைப்புக்குப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். கிருமியைக் கொல்லாது. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் குனிய வைத்து, பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால் வேண்டவே வேண்டாம் என்பேன். நிலவேம்பை நான் குறை சொல்லவில்லை. டெங்குக் காலத்தில் அரசாங்கமே அரசு மருத்துவமனைகளில் கொடுத்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியிலேயே (அரசு ராஜாஜி மருத்துவமனை) சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டுக் கொடுங்கள். ஆனால் ஓரகத்திக்குக் கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்கும் டாக்டர் மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

இருமலுக்கு ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரைக் கரண்டி தேன் போதும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் கூட வைக்கக்கூடாது.

அலங்காநல்லூர் அம்மாச்சி | புதன், மதியம்

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. காய்ச்சலில் பிள்ளை சோறு கேட்காது, கட்டாயப்படுத்தாதே ஆத்தா. நொய்யரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு டம்ளர், ரெண்டு மணி நேரம் கழித்து இளநி, அப்புறம் மிளகு ரசத்தைத் தெளிவாக இறுத்து வெதுவெதுப்பாக. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. இட்லி கேட்டால் இட்லி. தயிர் கேட்டால் தயிரும் கொடு, ஒன்றும் ஆகாது. எங்கள் காலத்தில் கொடுக்கமாட்டோம், இப்போது டாக்டர்களே கொடுக்கச் சொல்கிறார்கள். வாந்தி, பேதி சேர்ந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் ஆறின தண்ணீரில் முழுசாகக் கரை. பாதிப் பொட்டலம் பாதி டம்ளர் என்று கண்ணளவில் கலக்காதே. மறுநாள் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு.

அவன் டம்ளர், தட்டு, துண்டு தனி. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் யாரும் பயன்படுத்தலாம். கழுவுவதற்கு முன்னால்தான் மிச்சப் பாலை அடுத்த பிள்ளை குடித்துவிடும், அதைப் பார்த்துக்கொள்.

செல்லூர்க்காரி | புதன், இரவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் பேசினோம். கூடல்நகர் அண்ணன் சொன்ன வார்த்தையைத்தான் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஓரகத்தி உள்ளறையில் இருக்கிறாள். அவள் அம்மா வீட்டில் தாத்தா படுக்கையில் இருப்பதால் அனுப்பவில்லை. அவள் டாக்டரிடம் பேசினோம், மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வளைகாப்பை மாமாவே எல்லாருக்கும் போன் பண்ணித் தள்ளிவைத்துவிட்டார். சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, முகூர்த்தத்தைத் தள்ளலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

சிரப் பாட்டில் 250 தான். லேபிளை இப்போதுதான் கவனமாகப் படிக்கிறேன்.

இன்னொரு கவலை. அத்தைக்கு இன்றைக்கு மதியத்திலிருந்து உடம்பு அசதி, லேசான இருமல். காய்ச்சல் தொட்டால் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா?

வார்டு அக்கா (ஆனையூர்) | புதன், இரவு

நாளைக்கு இல்லை தங்கச்சி, இப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். வயதானவர்களுக்கு ஃப்ளூவில் காய்ச்சல் தெரியாமலே இருக்கலாம். அசதி, சாப்பிடாமை, பேச்சில் தடுமாற்றம் இதுதான் முதல் அடையாளமாக இருக்கும். 65 தாண்டி, சர்க்கரையும் இருப்பதால் அவர் அந்த ஓசெல்டாமிவிர் மருந்துக்கு உரியவர். பரிசோதனை முடிவுக்காகக் கூடக் காத்திருக்கமாட்டார்கள், 48 மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குத் தக்கபடி அளவைக் குறைப்பார்கள்.

காய்ச்சல் நாளில் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை ஏறும், கஞ்சி குடித்தால் இன்னும் ஏறும். அதே சமயம் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கிவிடும். அதனால் நிறுத்துவது, தொடர்வது ரெண்டையும் டாக்டர்தான் சொல்லணும். வாந்தி இருந்தால் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் கொரோனாவில் வாங்கியது எங்கேயாவது கிடக்கும், தேடி எடுத்து பேட்டரி மாற்றுங்கள். கையைச் சூடாக்கிவிட்டு, உட்கார்ந்து ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கணும். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே வந்தால் தாமதிக்காதீர்கள்.

மேலூர் மகள் | புதன், இரவு

அக்கா சொல்வதோடு ஒன்று. பார்த்துக்கொள்கிற ஆளான உங்களுக்கும் யாராவது ஒருவர் சோறு போட்டுக் கொடுக்க வேண்டும். என் அப்பாவுக்கு வந்தபோது நான் மூன்று வேளையும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். உங்கள் கணவரிடம் சொல்லி அடுப்படியையும் துணி துவைப்பதையும் முழுசாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பையனின் துணியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகாமல், நேரே வாளிக்குள் போட்டு சோப்புத் தண்ணீரில் நனைத்தால் போதும், தனியாகத் துவைக்க வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் காயட்டும். பாத்ரூம் குழாய், தாழ்ப்பாள், சுவிட்சு, ரிமோட்டு, அப்புறம் அவன் கையில் இருக்கிற போன், இதையெல்லாம் தினம் துடையுங்கள். வழவழப்பான பொருள் மேல் கிருமி ஒன்று ரெண்டு நாள் வரை உயிரோடு இருக்கும்.

செல்லூர்க்காரி | வியாழன், மாலை

அத்தைக்கு நேற்று ராத்திரியே மருந்து ஆரம்பித்துவிட்டோம். ஆக்சிமீட்டரில் 97 காட்டுகிறது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது, டாக்டர் மாத்திரையை மாற்றிச் சொன்னார்.

பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இன்றைக்கு எழுந்து நிற்கமாட்டேன் என்கிறான். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துகிறான். பாத்ரூமுக்குக் குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். கை நல்லாத்தான் அசைகிறது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குகிறது.

வார்டு அக்கா (ஆனையூர்) | வியாழன், மாலை

பதறாதீர்கள், ஆனால் இன்றைக்கே காட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் பையன்களுக்கு, ஃப்ளூக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் கெண்டைக்கால் தசை வீங்கி இப்படி ஆவது உண்டு. ஃப்ளூ பி வகையில் அதிகம் பார்ப்போம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ரத்தத்தில் சிபிகே என்று ஒன்று பார்ப்பார்கள், தசை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று அது காட்டும். தசை கரைந்து சிறுநீரகத்தில் அடைக்கக்கூடாது, அதற்குத்தான். போகிற வரைக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறான் என்று பாருங்கள். கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கால் வலியில்லாமல் துவண்டு வலுவே இல்லாமல் இருந்தாலோ நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை வேகமாக மூச்சு வாங்குகிறது, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிகிறது, உதடு நீலம், 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வலிப்பு, எழுப்பினால் முகம் பார்க்கவில்லை, இதில் எது இருந்தாலும் 108. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் டாக்டரிடம்தான். பெரியவர்களுக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பம், சளியில் ரத்தம். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப இருமலோடு அடித்தால் நிமோனியாவாக இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள், முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்திருந்தாலும் அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி வந்தால் மறுபடி ரத்தம் பாருங்கள். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா, 104க்குப் போன் போடுங்கள்.

உசிலம்பட்டியான் | வியாழன், இரவு

கெண்டைக்கால் விஷயம் எனக்குப் புதுசு. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் போன மாதம் இப்படித்தான் கால் வலி வந்து, வாய்வு என்று எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் போய்ச் சொல்கிறேன். பையன் எப்படி இருக்கிறான் என்று எழுதும்மா.

செல்லூர்க்காரி | சனி, காலை

டாக்டரும் அதையேதான் சொன்னார். சிபிகே கூடியிருக்கிறது, பயப்படுகிற அளவு இல்லை, தண்ணீர் நிறையக் கொடுங்கள், திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம் என்றார். சிறுநீர் தெளிவாகப் போகிறது. இன்றைக்கு முழுப் பாதத்தையும் ஊன்றி அடுப்படி வரை நடந்தான். அத்தை ரெண்டு இட்லி சாப்பிட்டார். ஓரகத்திக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

ரெண்டு கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்பலாம்? ஓரகத்திக்கு இப்போது தடுப்பூசி போடலாமா, இல்லை இனிமேல் போட்டு என்ன ஆகப்போகிறது?

வார்டு அக்கா (ஆனையூர்) | சனி, மதியம்

பாராசிட்டமால் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம் என்பதுதான் பொதுக் கணக்கு. உங்கள் பையனுக்குக் கால் வலி முழுசாகப் போய், திங்கட்கிழமை ரத்தம் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஒரு வாரம் ஓட்டம், விளையாட்டு வேண்டாம் என்று வகுப்பு டீச்சருக்கு எழுதிக் கொடுங்கள்.

தடுப்பூசி கட்டாயம் கேளுங்கள். கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் போடலாம், செயலிழக்க வைத்த கிருமியில் செய்த ஊசிதான். மூக்கில் விடுகிற ஃப்ளூ தடுப்பு மருந்து மட்டும் கர்ப்பிணிக்குக் கூடாது. வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும் என்பதால் இந்தத் தடவை வீட்டில் இருக்கிற காய்ச்சலுக்கு உதவாது. ஆனால் தாய்க்குப் போடுவது பிறக்கிற குழந்தைக்கும் போய்ச் சேரும். 6 மாதம் ஆகும் வரை அந்தக் குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது, தாய் கொடுப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. அத்தைக்கும் வருடா வருடம் போடுங்கள், கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஒவ்வொரு வருடமும் மாறும். ஓரகத்தி குடிக்கிற மருந்தை முடித்த பிறகு எப்போது போடலாம் என்று அவர் டாக்டரிடமே நாள் குறித்துக்கொள்ளுங்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது அதற்கு ரெண்டு வாரம் முன்பு இந்த ஊசி வருகிற மாதிரி பார்த்தால் நல்லது.

செல்லூர்க்காரி | சனி, மதியம்

சரிக்கா. மாமாவிடம் சொல்லி, காலண்டரில் ஊசி நாளை முதலில் குறித்துவிட்டு அப்புறம் முகூர்த்தம் பார்க்கச் சொல்கிறேன். திங்கட்கிழமை ரத்த முடிவு வந்ததும் எழுதுகிறேன்.